ஊசி போட்ட இடம் வீங்கினால்: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

ஹார்மோன் மருந்தை ஊசியாகப் போட்டுக்கொள்பவர்கள் பலவகையினர். சர்க்கரை நோய்க்காக இன்சுலின் போடுபவர்கள், டெஸ்டோஸ்டிரோன் குறைபாட்டுக்குச் சிகிச்சை பெறும் ஆண்கள், குழந்தைப்பேற்றுச் சிகிச்சையில் புரோஜெஸ்டிரோன் போட்டுக்கொள்ளும் பெண்கள், திருநங்கையர், திருநம்பியர், வளர்ச்சி ஹார்மோன் தேவைப்படும் சிறுவர்கள் என்று அவர்களுடைய தேவைகள் வெவ்வேறானவை. ஆனால் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிற கவலை ஒன்றுதான்: குத்திய இடம் வீங்கியிருக்கிறதே, இது கிருமித் தொற்றா? அந்தக் கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட் ஊசியை நானே தொடையில் போட்டுக்கொள்கிறேன். கடந்த முறை போட்ட மறுநாள் அந்த இடம் உள்ளங்கை அளவுக்கு வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது; மாடிப்படி ஏறவே சிரமப்பட்டேன். வீட்டில் மிச்சம் இருந்த ஆன்டிபயாடிக் மாத்திரையை மூன்று நாள் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது. இனி ஒவ்வொரு ஊசிக்கும் முன்பே அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்களுக்கு வந்தது பெரும்பாலும் கிருமித் தொற்றே அல்ல. மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அதே மூன்று நாளில் அது தணிந்திருக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் எனாந்தேட், டெஸ்டோஸ்டிரோன் சிபியோனேட், பெண் ஹார்மோன் வகையான எஸ்ட்ரடையால் வாலரேட் போன்ற மருந்துகள் தண்ணீரில் கரைவதில்லை. அதனால் நல்லெண்ணெய், பருத்திவிதை எண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகியவற்றுள் ஒன்றில் அவற்றைக் கரைத்து, பென்சைல் ஆல்கஹால், பென்சைல் பென்சோயேட் போன்ற துணைப்பொருள்களையும் சேர்த்துத் தயாரிக்கிறார்கள். தசைக்குள் இறங்கிய எண்ணெய் அங்கேயே சிறு தேக்கமாகத் தங்கி, நாள்கணக்கில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்கு விடுகிறது. மருந்து நீடித்து வேலை செய்வதற்கும் அதுதான் காரணம், மறுநாள் கால் கடுப்பதற்கும் அதுதான் காரணம். அந்தத் தேக்கத்தை உடல் அந்நியப் பொருளாகவே பார்க்கிறது. எனவே வலி, வீக்கம், சூடு, லேசான சிவப்பு ஆகிய நான்கும் ஒரு கிருமிகூட இல்லாமலேயே வரலாம்.

கிருமி இல்லாமல் சீழ் போன்ற நீர் கட்டுவதும் உண்டு. 1922 ஜனவரி 11 அன்று டொரன்டோவில் சர்க்கரை நோய் இருந்த லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு, இன்சுலின் அடங்கிய கணையச் சாறு முதன்முதலாக ஊசியாகப் போடப்பட்டபோது, குத்திய இடங்களில் ஒன்றில் அப்படிப்பட்ட கட்டி ஒன்று வந்தது. சாறு போதிய அளவு தூய்மையாக இல்லாததே அதன் காரணம். உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் தூய்மைப்படுத்திக் கொடுத்த சாற்றை அதே மாதம் 23ஆம் தேதி போட்டபோதுதான் சிறுவன் தேறத் தொடங்கினான். ஊசி மருந்தில் கலந்திருக்கும் பொருளே உடலை எரிச்சலூட்டக்கூடும் என்பது இன்சுலின் பிறந்த நாளிலிருந்தே தெரிந்த செய்தி.

அப்படியானால் தொற்றை எப்படிக் கண்டுகொள்வது? வீக்கம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பதைவிட, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. மருந்தின் எரிச்சலால் வரும் வலி பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் உச்சத்தை எட்டி, பிறகு நாளுக்கு நாள் குறையும். தொற்று அதற்கு நேர்மாறானது. முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருந்து, இரண்டாம் மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி ஏறத் தொடங்கும். சிலருக்கு ஒரு வாரம் கழித்துக்கூடத் தொடங்கும். சிவப்பு பரவும், விண்விண் என்று தெறிக்கும், தொடை இடுக்கில் நெறி கட்டும், காய்ச்சல் வரும். சிவந்த பகுதியின் ஓரத்தை ஒட்டிப் பேனாவால் ஒரு கோடு வரைந்து, பக்கத்திலேயே தேதியையும் மணியையும் எழுதிவைப்பது எளிய வழி. மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேறு காரணம் தேவையில்லை.

மிச்ச மாத்திரையைப் பற்றி: எரிச்சலுக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. உண்மையான தொற்று இருந்தாலோ, அரைகுறையாகச் சாப்பிட்ட தவறான மருந்து காய்ச்சலைச் சில நாள் அடக்கிவைத்து, உள்ளே சீழ் சேர்வதை மறைத்துவிடும். பிறகு எடுக்கும் பரிசோதனையில் கிருமி வளராமலும் போகலாம். அடுத்த முறை மருந்தைச் சற்று மெதுவாகச் செலுத்திப் பாருங்கள், தொடையை மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் இதே அளவு வீங்கினால், அதிலும் அரிப்போ தடிப்போ சேர்ந்து வந்தால், எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேறு எண்ணெயில் கரைத்த அதே மருந்துக்கு மாறுவதே சிலருக்குத் தீர்வாக அமைகிறது.

கேள்வி: சோதனைக்குழாய் முறையில் கரு வைத்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் என் கணவர் எனக்குப் புரோஜெஸ்டிரோன் ஊசியை இடுப்புக்குக் கீழே போடுகிறார். இரண்டு பக்கமும் கல் போன்ற கட்டிகள் இருக்கின்றன. அவற்றில் வலப்பக்கக் கட்டி மட்டும் நேற்றிலிருந்து நெருப்பாகச் சுடுகிறது. இன்று காலை காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ். ஒத்தடம் கொடுத்தால் கட்டி பழுத்து உடைந்துவிடும், ஊசியை இரண்டு நாள் நிறுத்திவை என்கிறார் மாமியார். என்ன செய்வது, டாக்டர்?

பதில்: உங்களுக்குத் தனியாக உடனே பதில் அனுப்பியிருந்தேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

எண்ணெயில் கரைத்த புரோஜெஸ்டிரோனை நாள்தோறும் ஒரே பகுதியில் போடும்போது கெட்டியான முடிச்சுகள் வராதவர்களே குறைவு. முன் ஊசியின் எண்ணெய் வடிவதற்குள் அடுத்த ஊசி இறங்குவதால் அவை உண்டாகின்றன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்து, அழுத்தினால் மட்டும் வலித்து, தோல் இயல்பான நிறத்தில் இருந்தால் வெதுவெதுப்பான ஒத்தடமும் சிறிது நடையும் போதும். ஆனால் பல கட்டிகளில் ஒன்று மட்டும் தனித்து நின்று சுடுகிறது, கூடவே காய்ச்சலும் இருக்கிறது என்றால் அது வேறு கதை. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிட்டத்தில் தசை ஆழமானது. அடியில் சீழ் கட்டியிருக்கும்போதும் மேல்தோல் சிவக்காமலே இருக்கலாம். உட்கார முடியாத வலியும் காய்ச்சலும் மட்டுமே தெரியும். அல்ட்ராசவுண்டு ஸ்கேனில், எண்ணெய் முடிச்சா, இரத்தக்கட்டா, சீழா என்பதைப் பெரும்பாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். சீழ் சேர்ந்திருந்தால் அதை வெளியேற்றுவதுதான் முதன்மையான சிகிச்சை. சீழ்க்கட்டிக்குள் இரத்த ஓட்டம் இல்லாததால் மாத்திரையாகவோ ஊசியாகவோ கொடுக்கும் ஆன்டிபயாடிக் அதற்குள் போதிய அளவு போய்ச் சேருவதில்லை. மரத்துப்போகச் செய்து கீறியோ, தடித்த ஊசியால் உறிஞ்சியோ சீழை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினால், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவே குற்றவாளியாக இருக்கும்; ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையும் உண்டு.

பழுத்து உடையட்டும் என்று காத்திருப்பது பெரியவர்கள் அன்போடு சொல்லும் யோசனைதான். தோலின் மேலே வரும் சிறு கொப்புளத்துக்கு அது சில நேரம் பொருந்தலாம். ஆழத்தில் இருக்கும் சீழுக்கு வெளியே வர வழி இல்லை. அது பக்கவாட்டில் பரவும், அல்லது கிருமி இரத்தத்தில் கலக்கும். அந்தக் கட்டியை அழுத்தவும் பிதுக்கவும் கூடாது.

இரண்டாவது யோசனைதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. கரு நிலைகொள்ளும் நாள்களில் புரோஜெஸ்டிரோனை நீங்களாக நிறுத்தாதீர்கள். நோயுற்ற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கமோ வேறு தசையிலோ போடலாம். பிறப்புறுப்பில் வைக்கும் மாத்திரையாகவோ ஜெல்லாகவோ மாற்றலாமா என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவர் முடிவு செய்வார். அவசரப் பிரிவில் உங்களைப் பார்ப்பவரிடம் கரு வைத்திருக்கும் செய்தியை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் சில ஆன்டிபயாடிக்குகளைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள்.

கேள்வி: நான் திருநம்பி. நானும் என் நண்பனும் சேர்ந்து 10 மில்லி டெஸ்டோஸ்டிரோன் குப்பி ஒன்று வாங்கி, வாரம் தலா அரை மில்லி எடுத்துக்கொள்கிறோம். ஊசியும் சிரிஞ்சும் அவரவருக்குத் தனித்தனி, ஒருமுறை பயன்படுத்தியதை மறுமுறை தொடுவதில்லை. குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறது. இதில் தவறு ஏதும் இருக்கிறதா?

பதில்: ஊசியையும் சிரிஞ்சையும் பகிராதது மிக நல்ல பழக்கம். ஆனால் குப்பியைப் பகிர்வதையும் நிறுத்துங்கள் என்றே சொல்வேன், தம்பி.

குப்பியில் கலந்திருக்கும் பென்சைல் ஆல்கஹால் போன்ற பொருள் பாக்டீரியாக்கள் பெருகாமல் தடுப்பதற்கானது. உள்ளே விழுந்த எல்லாவற்றையும் உடனே கொன்றுவிடும் ஆற்றல் அதற்கு இல்லை, வைரஸ்களிடமிருந்து அது பாதுகாப்புத் தருவதும் இல்லை. இருவரில் ஒருவர், ஒரே ஒருமுறை, அவசரத்தில், குத்திய ஊசியோடு இருக்கும் சிரிஞ்சைக் கொண்டு "இன்னும் கொஞ்சம்" எடுக்கக் குப்பிக்குள் மறுபடி நுழைத்துவிட்டால் போதும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. ஆகியவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகும் வழி அங்கே திறந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தமே அதற்குப் போதுமானது. நண்பர் மீது நம்பிக்கை இல்லையா என்று கேட்காதீர்கள். பலருக்கும் தங்கள் உடம்பில் இந்த வைரஸ் இருப்பது பல ஆண்டுகள் தெரியாமலே இருக்கிறது. இருவரும் இந்த மூன்றுக்கும் ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, போடாதவராக இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு. பலமுறை எடுக்கும் குப்பியை, தயாரித்த நிறுவனம் வேறு கெடு குறிப்பிட்டிருந்தால் தவிர, முதல் முறை குத்தியதிலிருந்து 28 நாளில் எறிந்துவிட வேண்டும் என்பது மருத்துவமனைகள் கடைப்பிடிக்கும் விதி. 10 மில்லி குப்பியை ஒருவர் மட்டும் வாரம் அரை மில்லி எடுத்தால் அது 20 வாரம் வரும். இருவர் எடுத்தாலும் 10 வாரம், அதாவது 70 நாள். இரண்டு கணக்கிலும் ரப்பர் மூடியில் 20 முறை குத்துகிறீர்கள். ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு என்பதோடு, தடித்த ஊசியால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும்போது ரப்பர் துணுக்கு பெயர்ந்து மருந்துக்குள் விழுவதும் உண்டு. அதனால்தான் 1 மில்லி குப்பிகளாக எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்பது நல்லது என்கிறேன். அப்படிச் சிறு குப்பி வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: "ஒருமுறை பயன்பாட்டுக்கு மட்டும்" என்று அச்சிட்டிருந்தால் மிச்சத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்துவைக்கக் கூடாது. மருந்து வீணாகிறதே என்று மனம் கேட்காதுதான். ஆனால் அந்த வகைக் குப்பிகளில் பெரும்பாலும் கிருமியைத் தடுக்கும் பொருளே இருக்காது.

குப்பியை எங்கே வாங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மருத்துவரிடம் போகத் தயங்கி, உரிமம் இல்லாத இடத்தில் தயாரான குப்பியை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. மரியாதையாக நடத்தும் மருத்துவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது நோயாளியின் குற்றம் அல்ல. ஆயினும் தூய்மை உறுதி செய்யப்படாத குப்பிக்குள்ளேயே கிருமி இருந்தால், நீங்கள் வீட்டில் எத்தனை கவனமாகக் கை கழுவினாலும் பயன் இல்லை. உள்ளே மிதக்கும் துகள், கலங்கல், தளர்ந்த மூடி, அழிந்த தொகுதி எண் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தாலே அந்தக் குப்பியைத் தொடாதீர்கள். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் சிபியோனேட், எனாந்தேட் மருந்துகளில் குளிரால் படிகங்கள் தோன்றலாம். உள்ளங்கைச் சூட்டில் வைத்து உருட்டினால் அவை கரைந்து மருந்து தெளிந்துவிடும், கரையாவிட்டால் எறிந்துவிடுங்கள்.

கேள்வி: ஊசி போடும் முன் ஸ்பிரிட் தடவுவது வெறும் சடங்கா, உண்மையில் அவசியமா? ஊறவைத்த பஞ்சை ஒரு டப்பாவில் தயாராக வைத்திருக்கிறோம், தடவியதும் குத்திவிடுகிறோம்.

பதில்: ஸ்பிரிட் சடங்கு அல்ல. நீங்கள் பயன்படுத்தும் முறையில்தான் அது சடங்காகிவிட்டது.

முதலில் டப்பாவைக் காலி செய்யுங்கள். பஞ்சை மொத்தமாக ஊறவைத்து வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான ஊசி வழிகாட்டுதலே சொல்கிறது. ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் விரல்களில் உள்ள கிருமிகள் உள்ளே இறங்குகின்றன, ஆல்கஹால் ஆவியாகிக் குறைகிறது. சில நாளில் அந்தப் பஞ்சு தோலைச் சுத்தம் செய்வதற்குப் பதிலாக அதன் மேல் கிருமியைப் பூசத் தொடங்கிவிடும். தனித்தனி உறைகளில் வரும் துண்டுகளைப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் உலர்ந்த புதிய பஞ்சில் அந்த நேரத்தில் ஸ்பிரிட்டை ஊற்றிக்கொள்ளலாம்.

அதே வழிகாட்டுதல் தசை ஊசிக்குச் சொல்லும் முறை இது: 60 முதல் 70 சதவீத ஆல்கஹாலைக் கொண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, துடைத்த இடத்துக்குத் திரும்பி வராமல் 30 விநாடி துடைக்க வேண்டும், பிறகு முழுவதும் உலரும்வரை காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கிருமிகள் சாவதற்கு ஆல்கஹால் தோலில் இருந்து உலரும் நேரம் தேவை. ஈரத்தோடு குத்தினால் எரிச்சலும் சேர்ந்துகொள்ளும். வாயால் ஊதியோ கையால் விசிறியோ உலர வைக்காதீர்கள். வாயிலுள்ள கிருமி நேராக அங்கே போய்ச் சேரும். தோலில் கண்ணுக்குத் தெரியும் அழுக்கோ வியர்வையோ இருந்தால் ஸ்பிரிட்டுக்கு முன்பே சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

தோலைவிட முக்கியமானவை உங்கள் கைகள். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் ஈரம் போகத் துடைத்த பிறகுதான் எதையும் தொட வேண்டும். பலரும் மறக்கும் இன்னொரு இடம் குப்பியின் ரப்பர் மூடி. மேலே இருந்த உலோக மூடியைக் கழற்றிவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சுத்தமாகத்தானே இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு முறையும், புதுக் குப்பியாக இருந்தாலும், அதையும் புதிய ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்து உலரவிட வேண்டும். எண்ணெய் மருந்து கெட்டியாக இருக்கிறது என்று குப்பியை வெந்நீரில் போடுவார்கள். மூடியின் விளிம்பில் தங்கும் அந்தத் தண்ணீரே கிருமிக்கு வாகனமாகிவிடும். சில நிமிடம் உள்ளங்கையில் பொத்திவைத்தாலே போதிய அளவு இளகும்.

மருந்தை எடுக்க ஓர் ஊசி, குத்துவதற்கு வேறோர் ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரைத் துளைத்த ஊசியின் முனை மழுங்கிவிடுவதால் தசையை அதிகம் கிழிக்கும். காயமுற்ற தசையில் தொற்று எளிதில் பிடிக்கும். மூடியைக் கழற்றிய ஊசி மேசையிலோ விரலிலோ உடையிலோ ஒரு நொடி பட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். அவசரம் என்று உடைக்கு மேலேயே குத்தக் கூடாது. தொடையில் முடி அதிகம் இருப்பவர்கள் ஊசிக்கு முன் மழிக்கிறார்கள். அது தேவையில்லை, பிளேடு உண்டாக்கும் நுண்ணிய கீறல்கள் கிருமிக்குக் கதவு திறந்துவிடுகின்றன. பரு, புண், படை, சிராய்ப்பு இருக்கும் இடத்தையும், முந்தைய ஊசியின் முடிச்சு இன்னும் கரையாத இடத்தையும் தவிர்த்து, ஒவ்வொரு முறையும் இரண்டரை சென்டிமீட்டராவது தள்ளிப் போடுங்கள். எந்தத் தேதியில் எந்தப் பக்கம் போட்டீர்கள் என்பதை எழுதிவைத்தால்தான் இது நடக்கும். நினைவை நம்பினால் கை பழகிய இடத்துக்கே போகும்.

போட்டு முடித்ததும் உலர்ந்த பஞ்சால் மெதுவாக அழுத்தினால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் கருத்தடை ஊசியில் அந்த இடத்தைத் தேய்க்கவே கூடாது, மருந்து வேகமாகக் கலந்து அதன் காலம் குறைந்துவிடலாம். பயன்படுத்திய ஊசியை மூடாமல், குத்துப்படாத கெட்டியான கொள்கலனில் உடனே போடுங்கள்.

கேள்வி: எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பல ஆண்டுகளாக வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன், ஸ்பிரிட் தடவுவதே இல்லை. ஊசி முனையையும் நான்கைந்து தடவை பயன்படுத்துகிறேன். இதுவரை சீழ் வைத்ததில்லை. மகள் கண்டிக்கிறாள்.

பதில்: அம்மா, பாதி நீங்கள் சொல்வது சரி, பாதி உங்கள் மகள் சொல்வது சரி. இன்சுலின் தோலடிக் கொழுப்பில் போடப்படுகிறது. சுத்தமாகக் கழுவிய தோலாக இருந்தால் அதற்கு ஸ்பிரிட் கட்டாயம் இல்லை.

ஊசி முனையை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றிவிடுங்கள். மழுங்கிய முனையால் ஒரே வட்டத்தில் குத்திக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கொழுப்பு மேடு உண்டாகும். அது வலிக்காது, சிவக்காது, அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த மேட்டில் போடும் இன்சுலின் ஒரு நாள் குறைவாகவும் ஒரு நாள் அதிகமாகவும் உறிஞ்சப்படும். விரல்களால் தடவிப் பாருங்கள், மேடு இருந்தால் அங்கே போடாதீர்கள். நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு இன்சுலின் கூடுதலாக வேலை செய்து சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அந்த நாள்களில் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். பேனா போன்ற கருவியில் போடுபவராக இருந்தால், முனையை மாற்றினாலும்கூட அதை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. குத்தும்போது இரத்த அணுக்கள் மருந்துக் குழாய்க்குள் பின்னோக்கி ஏறிவிடக்கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொற்று வந்தால் விரைவில் பரவும். காரணம் இல்லாமல் சர்க்கரை ஏறுவதே சில நேரம் அதன் முதல் அறிகுறி.

கேள்வி: ஆறு வாரத்துக்கு முன் போட்ட எஸ்ட்ரடையால் ஊசியின் இடத்தில் ஊதா நிறத்தில் கட்டி வந்து, இப்போது பக்கத்தில் இன்னும் இரண்டு முளைத்திருக்கின்றன. வலி அதிகம் இல்லை, காய்ச்சல் இல்லை. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் குறையவில்லை. பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்துவிட்டது. திருநங்கை என்பதால் மருத்துவர் அக்கறை காட்டவில்லையோ என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: அவர் மனத்தில் என்ன இருந்தது என்று என்னால் சொல்ல இயலாது. நீங்கள் அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் காசநோயை உண்டாக்காத மைக்கோபாக்டீரியாக்கள் தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்கின்றன. அப்செசஸ், செலோனே, ஃபார்ச்சூட்டம் என்று சில வகைகள் ஊசி வழியாகத் தசைக்குள் போய்விடும். சாதாரணக் கிருமிகள் சில நாளில் தலைகாட்டும். இவை சில வாரம், சில மாதம் கழித்து, வலி குறைந்த, ஊதா கலந்த கட்டிகளாக, ஒன்றன் பின் ஒன்றாக வரும். வழக்கமான பரிசோதனையில் இவை தெரியாமல் போகலாம். "மைக்கோபாக்டீரியாவுக்கும் சேர்த்துப் பாருங்கள்" என்று மருத்துவர் ஆய்வகத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் சிறு திசுத் துண்டு எடுத்து அனுப்ப நேரிடும். இதுதான் என்று உறுதியானால், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும், குணமாகக்கூடியதுதான். கிருமி சம்பந்தமே இல்லாமல், எண்ணெயைச் சுற்றித் திசு தடித்து இப்படிக் கட்டி வருவதும் உண்டு. அதையும் திசுப் பரிசோதனையே பிரித்துக் காட்டும். தோல் மருத்துவர் அல்லது தொற்றுநோய் மருத்துவரிடம், எந்தத் தேதியில், எந்த மருந்து, எந்தக் குப்பி, யார் போட்டது என்ற விவரங்களோடு செல்லுங்கள். குப்பி மிச்சம் இருந்தால் எறியாமல், பயன்படுத்தாமல், எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எந்த நிலையில் நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்?

பதில்: வெளியே தெரியும் மாற்றம் சிறிதாக இருந்தும் வலி தாங்க முடியாமல் இருந்தால், சிவப்பு மணிக்கு மணி பரவினால், தோல் கறுத்தோ ஊதாவாகியோ கொப்புளம் கட்டினால், அழுத்தும்போது தோலுக்கடியில் நறநறவென்று காற்று இருப்பது போல உணர்ந்தால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மூச்சிரைப்பு, தலைசுற்றல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. தசையுறை அழுகும் தொற்று அரிது, ஆனால் அதில் மணிக்கணக்கில் உயிர் ஊசலாடும். உடனடி அறுவைச் சிகிச்சைதான் காப்பாற்றும். ஸ்டீராய்டு மாத்திரை, புற்றுநோய் மருந்து, உறுப்பு மாற்றத்துக்குப் பின் எடுக்கும் மருந்து போன்று எதிர்ப்பாற்றலைக் குறைப்பவற்றை எடுப்பவர்கள் 38 டிகிரிக் காய்ச்சலையே போதுமான காரணமாகக் கொள்ள வேண்டும்.

கேள்வி: தொடையில் சீழ் எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். அடுத்த டெஸ்டோஸ்டிரோன் ஊசியை எப்போது போடலாம்?

பதில்: காய்ச்சல் நின்று, உங்கள் மருத்துவர் சரி என்று சொன்னால், குறித்த நாளிலேயே மறு தொடையிலோ பிட்டத்தின் பக்கவாட்டிலோ போடலாம். அதற்குப் புதிய குப்பியைத் திறங்கள். பழைய குப்பியில் கிருமி இருந்ததா என்பது தெரியாது. புண் ஆறி, தழும்பின் அடியில் இருக்கும் கெட்டித்தன்மை மறையும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள், அதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அதற்குள் இன்னொரு முறை சீழ் வைத்தால், போடும் முறையை ஒரு செவிலியர் முன்னிலையில் செய்துகாட்டித் திருத்திக்கொள்ளுங்கள். தோலில் தடவும் ஜெல்லுக்கு மாற இயலுமா என்றும் அப்போது கேளுங்கள்.